மீட்டர் நின்னுபோன ஸ்ப்ளெண்டர்: விக்கறதுக்கு முன்னாடி கிலோமீட்டரை ஏத்தி வைக்கலாமா?

காலடிப்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2012 ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஆர்.சி. அப்பா பேர்ல இருக்கு, ஓட்டறது நான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல, சாத்தாங்காடு பக்கம் நான் வேலை பாக்குற கன்டெய்னர் யார்டுலயே வண்டி மாட்டிக்கிச்சு. முன்சக்கரம் பாதிக்கு மேல முங்கிடுச்சு. அதுவும் வெறும் மழைத் தண்ணி இல்ல. அந்த வாரம் மணலி, எர்ணாவூர் பக்கம் இருந்தவங்களுக்குத் தெரியும், கறுப்பா ஆயில் மெதக்குற தண்ணி. வடிஞ்சதும் தள்ளிக்கிட்டு வந்து பிளக் மாத்தி, ஆயில் மாத்தி, கார்புரேட்டர் கழுவி ஓட்ட ஆரம்பிச்சேன். எஞ்சின் ஒரு கொறையும் சொல்லல.

கொஞ்ச நாள் கழிச்சு மீட்டர் முள்ளு துள்ள ஆரம்பிச்சுது. 30-க்கும் 60-க்கும் நடுவுல ஆடும். அப்புறம் ஒரு நாள் கீழ படுத்துச்சு, எழுந்திருக்கவே இல்ல. கிலோமீட்டரும் 41,386-லயே நின்னுடுச்சு. 2024 ஆரம்பம் அது. மீட்டர் ஓடாத வண்டி வடசென்னையில எவ்ளோ ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லருக்குப் பின்னாடி போறவனுக்கு ஸ்பீடோமீட்டர் எதுக்கு? லாரி போற வேகம்தான் நம்ம வேகம். அதனால அப்படியே ஓட்டிட்டேன்.

இப்ப வண்டியைக் குடுக்கப் போறேன். வாங்கப் போறது எதிர்வீட்டு அக்கா பையன், காலேஜ் முடிச்சு இப்பதான் வேலைக்குச் சேந்திருக்கான். வந்து வண்டியைச் சுத்திப் பாத்தான், மீட்டரைப் பாத்தான், "41 ஆயிரம்தானாண்ணா? சூப்பர்ணா"ன்னான். மீட்டர் ஓடலைன்னு அவனுக்குத் தெரியும், சொல்லிட்டேன். ஆனா எவ்ளோ நாளா ஓடலைங்கறதை அவன் யோசிக்கவே இல்ல.

எங்க ஏரியா மெக்கானிக்கிட்ட கேட்டேன். "மீட்டரையே மாத்திடு, புதுசு பூஜ்யத்துல வரும், எவ்ளோ வேணுமோ சொல்லு, வெச்சுத் தரேன்"னாரு. நான், "இப்ப இருக்கறதுக்கு மேல ஒரு ஆறாயிரம் ஏத்தி வைங்க"ன்னேன். அவரு ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, "எறக்கணுமா, ஏத்தணுமா?"ன்னு திரும்பக் கேட்டாரு. ஏத்தணும்னேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "விக்கற வண்டிதானே?"ன்னாரு.

ஏத்தி வைக்கறது தப்பா? சட்டப்படி ஏதாவது பிரச்சினை வருமா? உண்மையான கிலோமீட்டரை எப்படிக் கண்டுபிடிக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பேசின்பிரிட்ஜ் பையன்:

ணா, இதுக்கெல்லாம் போயி யோசிப்பாங்களா? வாட்டர் வாஷ் பண்ணு, சீட்டு கவர் மாத்து, 41-லயே குட்துட்டுப் போய்க்கினே இரு. பழைய வண்டி வாங்குறவன் எவன் மீட்டரை நம்பறான்? ஸ்டார்ட் பண்ணி பொகை வருதான்னு பாப்பான், செயினை இழுத்துப் பாப்பான், ஃபோர்க்குல ஆயில் கசியுதான்னு பாப்பான். முடிஞ்சுது மேட்டரு.


காலடிப்பேட்டைக்காரன்:

வெளியாளுன்னா கூட நீ சொல்றதை யோசிப்பேன் தம்பி. தெனம் காலையில தண்ணி லாரிக்கிட்ட அந்த அக்கா மூஞ்சியில முழிக்கணும்.


பழைய வண்ணை மீட்டர்:

தம்பி, மொதல்ல மீட்டரை மாத்தறத வுடு. மீட்டர்ல கோளாறுன்னு யாரு சொன்னா? உன் வண்டியில முள்ளும் நம்பரும் ஒண்ணா நின்னுருக்கு. ரெண்டும் ஒண்ணா நின்னா பெரும்பாலும் மீட்டர் மேல குத்தம் கெடையாது. கேபிள், இல்லாங்காட்டி கீழ முன்சக்கர பிரேக் டிரம்முல இருக்குற வார்ம், திருகு மாதிரி பல்லு வெட்டுன சின்னச் சக்கரம். முள்ளு ஆடுது நம்பர் ஓடல, நம்பர் ஓடுது முள்ளு ஆடலன்னு வந்தாதான் மீட்டரைத் தெறக்கற வேலை.

ஏன்னு சொல்றன் கேளு. முன்சக்கரம் சுத்தசொல்ல டிரம்முக்குள்ள இருக்கற வார்ம், கேபிளோட உள்கம்பியைத் திருப்பும். அந்தக் கம்பி மேல வந்து மீட்டருக்குள்ள ஒரு காந்தத்தைச் சுத்தும். காந்தத்துக்கு மேல அலுமினியக் கிண்ணம் ஒண்ணு, ஒண்ணையொண்ணு தொடாது. காந்தம் சுத்தற வேகத்துக்கு அந்தக் கிண்ணம் இழுபடும், ஹேர் ஸ்பிரிங்கு அத்தைப் பின்னாடி இழுக்கும். ரெண்டும் எங்க சமமாவுதோ அங்க முள்ளு நிக்கும். அதே காந்தத் தண்டுலயே பல்லு வெட்டி, நைலான் பல்சக்கரம் வழியா நம்பர் உருளையைத் தள்ளும். ஆக முள்ளுக்கும் நம்பருக்கும் தாயி ஒருத்திதான், கேபிளு. தாயி படுத்துட்டா ரெண்டு புள்ளையும் பட்டினி.

நீயே பாத்துக்கலாம். மீட்டருக்கு அடியில கேபிள் நட்டு இருக்கும், கையாலயே கழட்டு. புடிச்சிக்கினு இருந்தா கொஞ்சம் மண்ணெண்ணெய் வுட்டுட்டு ஒக்காரு, பிளையரைப் போட்டு நசுக்காத. முன்சக்கரத்தைத் தூக்கி ஒருத்தனைச் சுத்தச் சொல்லு. கேபிள் நுனியில சதுரமா கம்பி தெரியும், அது சுத்துதான்னு பாரு. சுத்துனா கேபிளும் வார்மும் நல்லாருக்கு, மீட்டர்தான் போயிருக்கு. சுத்தலன்னா உள்கம்பியை மேல உருவு. பாதியில அறுந்து வந்துச்சுன்னா கேபிள். முழுசா வந்துச்சுன்னா கீழ வார்ம் பல்லு பூட்ச்சுன்னு அர்த்தம்.

முள்ளு துள்ளுச்சுன்னு சொன்ன பாரு, அதுலயே எனக்கு வெளங்கிடுச்சு. டிரம்முல தண்ணி பூந்து கிரீஸை எல்லாம் அட்ச்சினு போயிருக்கும். கேபிள் உள்ள காஞ்சு, துரு ஏறி, மாட்டி மாட்டி வுட்டிருக்கும். கடக்கரை ஓரத்துல வெள்ளம் வராமலே கேபிள் துருப்புடிக்கும், உன் வண்டி ஆயில் தண்ணியில வேற ஊறியிருக்கு.

இப்ப நம்பரை ஏத்தற கதைக்கு வருவோம். நம்பர் உருளையைத் திருப்பறது ஒண்ணும் பெரிய வித்தை கெடையாது. ஆனா அதுக்கு முன்னாடி முள்ளைப் புடுங்கணும், டயலைக் கழட்டணும். முள்ளு ஊசி மேல அழுத்தி நிக்கும். நேரா மேல தூக்காம சாய்ச்சு நெம்புனா ஹேர் ஸ்பிரிங்கு கோணிக்கும். அப்புறம் நீ 60-ல போனா அது 45 காட்டும். ஒவ்வொரு உருளைக்கும் நடுவுல சின்னப் பினியன் ஒண்ணு இருக்கு, 9 முடிஞ்சு 0 வர சொல்ல பக்கத்து உருளையை ஒரு எடம் தள்றது அதான். அவசரத்துல மாட்டுனா நம்பர் ஒண்ணு ஏறியும் ஒண்ணு எறங்கியும் கோணலா நிக்கும். மீட்டர்ல கைய வெச்சாங்களான்னு பாக்கணும்னா மொதல்ல அந்த வரிசையைத்தான் பாக்கணும்.

டிரில் மெஷினை மாட்டி ஓட்டுனா தானா ஏறும்னு சொல்வானுங்க. ஏறும். கணக்கைப் பாரு. ஜப்பான் அளவுல வந்த பைக் மீட்டருக்கு, கேபிள் 1,400 சுத்து சுத்துனா 1 கிலோமீட்டர். மெஷினு நிமிஷத்துக்கு 1,400 சுத்துனா முள்ளு 60-ல நிக்கும், நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஏறும். உன் ஆறாயிரத்துக்கு ஆறாயிரம் நிமிஷம், 100 மணி நேரம். மீட்டருக்குள்ள இருக்குற நைலான் பல்லு தாங்குனாலும் மெஷினு தாங்காது.

மீட்டர் வேலையில நான் ஒண்ணு வெச்சிருக்கேன். பழைய மீட்டரைக் கையில கொண்டாந்து வெச்சாதான் புதுசுல நம்பர் வைப்பேன், பழசுல எவ்ளோ இருக்கோ அவ்ளோதான். எறக்க சொல்லி வர்றவன்தான் ஜாஸ்தி, அவன்கிட்ட பேச்சே கெடையாது. நீ ஏத்த சொல்ற, நல்ல மனசுதான், ஆனா உனக்கும் அதே பதில்தான். ஆறாயிரம்ன்றது உன் மனசுல இருக்கற நம்பர். மீட்டர்ல வெச்சுட்டா அது மீட்டர் சொன்ன நம்பரா ஆயிடும். நாளைக்கு அந்தப் பையன் "வண்டி 47 ஆயிரம் ஓடியிருக்கு"ன்னு அடிச்சுச் சொல்வான். உனக்கே தெரியாத ஒண்ணை அவன் சத்தியம் பண்ணுவான்.

கேபிளை மாத்து, வார்மை மாத்து, 41,386-ல இருந்து ஓடட்டும். நடுவுல வுட்டுப்போனதைப் பேப்பர்ல எழுதிக் குடு.


எண்ணூர் எஞ்சினியர்:

மீட்டர் அண்ணன் சொன்ன ரிப்பேர் பகுதியில எனக்கு மறுபேச்சு இல்லை. கடைசிப் பத்தியில மட்டும் ஒத்துப்போக முடியலை. பேப்பர் தொலைஞ்சு போகும், மீட்டர்தான் கூட இருக்கும். இந்தப் பையனுக்கு விஷயம் தெரியும். மூணு வருஷம் கழிச்சு இவன் இன்னொருத்தருக்கு வித்தா, அவருக்கு 41-ல இருந்து தொடர்ந்து ஓடின மாதிரிதான் தெரியும். குறைவாக் காட்டற மீட்டரும் பொய்தானே? உத்தேசமா 47,400 வெச்சா உண்மைக்குப் பக்கத்துலயாவது நிக்கும்.

உத்தேசத்தை எப்படிப் போடறதுன்னு கேட்டீங்களே, பெட்ரோல்தான் நல்ல சாட்சி. பங்க்ல ஜிபேயில கட்டறவரா இருந்தா, மீட்டர் நின்ன மாசத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் பெட்ரோலுக்குப் போன மொத்தத் தொகையைக் கூட்டுங்க. 2024 மார்ச்சுல ரெண்டு ரூபாய் குறைச்சாங்க, அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல லிட்டர் 102 ரூபாய் 63 காசு. அதுக்கப்புறம் 2025 வரைக்கும் நூறு, நூத்தியொண்ணை ஒட்டியேதான் நின்னுச்சு. அதனால மொத்தத்தை 101-ஆல வகுத்தா லிட்டர் வந்துடும், பெரிய பிசகு வராது. டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, மேப்புல தூரம் பாத்து ஓட்டி, திரும்ப நிரப்பினா லிட்டருக்கு எவ்ளோன்னு தெரிஞ்சுடும். ரெண்டையும் பெருக்குங்க.

இன்னொரு விஷயம், முன்டயர் என்ன சைஸ்? கம்பெனி போட்டது 2.75-18. நிறைய பேர் 3.00-18 போட்டுடறாங்க. அதோட சுற்றளவு ஏறக்குறைய 2 சதவீதம் ஜாஸ்தி. மீட்டர் சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னுதான் எண்ணும், டயர் குண்டா ஒல்லியான்னு அதுக்குத் தெரியாது. அப்ப மீட்டர் ஓடின காலத்துலயே கொஞ்சம் குறைவாத்தான் எண்ணியிருக்கும்.


பழைய வண்ணை மீட்டர்:

எஞ்சினியர் சார், 2 சதவீதம்னா 1,000-க்கு 20 கிலோமீட்டர். அத்த வுடுங்க, தண்டையார்பேட்டையில பள்ளத்தைச் சுத்திப் போனதுலயே அவ்ளோ ஏறியிருக்கும்.

பேப்பர் தொலையும்னு சொன்னீங்க, அது ஞாயம். அதுக்கு வழி இருக்கு. சைடு பேனலைக் கழட்டுனா உள்பக்கம் யாரும் துடைக்காத எடம் இருக்கு. பெயின்ட் மார்க்கர்ல எழுதிடுங்க: "41,386-ல மீட்டர் நின்னுது. எப்ப நின்னுது, எப்ப சரி பண்ணது." மெக்கானிக் எவன் பேட்டரிக்குக் கழட்டுனாலும் படிச்சிட்டுதான் மூடுவான்.


ராயபுரம் ஆர்.சி. புக்:

நான் செகண்ட் ஹேண்ட் வண்டி பேர் மாத்தற வேலைதான் பாக்கறேன், அதனால காகிதம் பத்தி மட்டும் சொல்றேன்.

ஆர்.சி.யில கிலோமீட்டர் கிடையாது. பேர் மாத்தற ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் அதுக்கு எடம் இல்லை. இன்சூரன்ஸ்ல வண்டி மதிப்பு போடறதும் வயசை வெச்சுத்தான்: ஆறு மாசத்துக்குள்ள 5 சதவீதம் கழிவு, 4-ல இருந்து 5 வருஷத்துக்கு 50 சதவீதம், அதுக்கு மேல பேசி முடிவு பண்றது. ஆக, அரசாங்கத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் உங்க 41,386 ஒரு பொருட்டே இல்லை. அது விக்கறவருக்கும் வாங்கறவருக்கும் நடுவுல இருக்கற விஷயம். ஆனா ஏமாத்தணும்னு எண்ணி எறக்கி வித்தா அது மோசடி. 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு, முன்ன 420-னு சொல்லுவோமே அதான். வாங்கறவருக்குத் தெரியப்படுத்தி எழுதிக் குடுத்துட்டா அந்தப் பேச்சுக்கே எடமில்லை.

அமெரிக்காவுல இதுக்குன்னே சட்டம் வெச்சிருக்காங்க. ரிப்பேர்ல பழைய நம்பரைக் கொண்டுவர முடியலைன்னா பூஜ்யத்துல வெச்சுட்டு, பழைய மைலையும் ரிப்பேர் பண்ண தேதியையும் எழுதி, இடது பக்கக் கதவுச் சட்டத்துல ஒட்டணும். அண்ணன் சொன்ன சைடு பேனல் யோசனையும் ஏறக்குறைய அதேதான், பைக்குக்குக் கதவு இல்லை, அவ்ளோதான் வித்தியாசம்.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். வண்டி 2012. டூவீலர் ரெஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம்தான், 2027-ல முடியுது. அப்புறம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு குடுக்கற சான்று, காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். பையன்கிட்ட ஆறாயிரம் கிலோமீட்டரைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க. அவனுக்குச் செலவு வைக்கப் போறது இதுதான்.

வண்டியை ஒப்படைச்சதுக்கு எழுதற டெலிவரி லெட்டர்ல தேதி மட்டும் பத்தாது, நேரமும் போடுங்க. சாயங்காலம் அவன் எங்கயாவது மோதிட்டா யார் கையில வண்டி இருந்துச்சுங்கற கேள்வி வரும். அப்பா பேர்ல இருக்கற வண்டி, அதனால கையெழுத்து அப்பாதான் போடணும், நீங்க போட்டா செல்லாது. வித்தவங்க 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியப்படுத்தணும், இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள்ள பேர் மாத்தச் சொல்லி வாங்கினவர் எழுதிக் குடுக்கணும். "நம்ம பையன்தானே, பொறுமையா மாத்திக்கலாம்"னு விடறவங்கதான் ரெண்டு வருஷம் கழிச்சு சலானைத் தூக்கிக்கிட்டு என் கடைக்கு வராங்க.


கொடுங்கையூர் டிஜிட்டல்:

உங்களுக்கெல்லாம் கேபிளாவது இருக்கு, கையால கழட்டிப் பாக்கறீங்க. என்னோடது 2021 மாடல், முழுக்க டிஸ்பிளே. மழை ஈரம் உள்ள போயி கண்ணாடிக்குள்ள ஆவி புடிச்சு, கடைசியில இருட்டாயிடுச்சு. சர்வீஸ் சென்டர்ல புது டிஸ்பிளே போட்டாங்க, பூஜ்யத்துல வந்துச்சு. பழைய நம்பர் வைங்கன்னா எங்களால முடியாதுன்னுட்டாங்க. இத்தனைக்கும் கிலோமீட்டர் இருக்கறது உள்ள இருக்கற ஒரு மெமரி சிப்புல. பேட்டரியைக் கழட்டினாலும் அழியாது. திரை செத்தாலும் சிப்பு நல்லாருந்தா அதுல இருந்து படிச்சு எடுக்கலாம். கவுன்டர்ல நின்னு சண்டை போட்டு, ஜாப் கார்டுல பழைய நம்பரையும் மாத்தின தேதியையும் எழுதி சீல் வாங்கிட்டு வந்தேன். பழைய டிஸ்பிளேவையும் கேட்டு வாங்கிட்டேன், பரண்ல இருக்கு. இவர் வண்டியில பழைய மீட்டரே ஓடப்போகுதுன்னா அதைவிட நிம்மதி வேற இல்லை.


டோல்கேட் புல்லட்:

எங்க வீட்டுல ஒரு பழைய புல்லட் இருக்கு, இதே திருவொற்றியூர் ஃபேக்டரியில பொறந்தது. மீட்டர் 99,999 தாண்டி பூஜ்யத்துக்கு வந்து மறுபடி ஓடிக்கிட்டு இருக்கு. இது எத்தனாவது சுத்துன்னு எங்கப்பாவுக்கும் சந்தேகம்தான். அதனால எங்க வீட்டுல ஆயில் மாத்தறது தேதியை வெச்சு. காலண்டர்ல வட்டம் போட்டுடுவாரு. அந்தப் பையனுக்கும் அதையே சொல்லுங்க, வாங்கின அன்னிக்கே ஆயில் மாத்திட்டு அங்கிருந்து கணக்கை ஆரம்பிக்கட்டும். மீட்டர்ல எவ்ளோ இருந்தா என்ன.


காலடிப்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை வேலையை முடிச்சாச்சு. என்ன ஆச்சுன்னு எழுதறேன், யாருக்காவது உதவும்.

மீட்டர் அண்ணன் சொன்ன மாதிரியே மேல நட்டைக் கழட்டிட்டு சக்கரத்தைச் சுத்தினேன். கம்பி அசையல. உருவினா முழுசா வந்துச்சு, ஆனா நடுவுல ஒரு சாண் நீளத்துக்குச் செங்கல் நிறத்துல துரு. சக்கரத்தைக் கழட்டி டிரம்மைப் பாத்தா, கிரீஸ் இருக்க வேண்டிய எடத்துல கறுப்பா சேறு காஞ்சு கட்டியா நிக்குது, மோந்து பாத்தா இன்னும் அந்த ஆயில் வாடை. வார்ம்ல ஒரு பக்கம் பல்லு மொட்டை. கம்பி துருப்புடிச்சு இறுகிப்போச்சு, வார்ம் அதைத் திருப்பப் பாத்து தன் பல்லைத் தின்னுக்கிச்சு போல. பிரேக் ஷூவும் ஓரத்துல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருந்துச்சு, அதையும் மாத்திட்டேன். கேபிள், வார்ம் எல்லாம் டோல்கேட்கிட்ட ஸ்பேர்ஸ் கடையிலயே கெடைச்சுது. மீட்டரைத் தொடவே இல்லை. சக்கரத்தைச் சுத்தினதும் முள்ளு எழுந்துச்சு.

ஓட்டிப் பாத்தேன். மீட்டர் 50 காட்டும்போது போன்ல ஜி.பி.எஸ். 46, 47-ன்னு காட்டுது.


எண்ணூர் எஞ்சினியர்:

அது கோளாறு இல்லை. ஸ்பீடோமீட்டரை நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக் காட்டற மாதிரிதான் கம்பெனியே வைக்கறாங்க, குறைச்சுக் காட்டக் கூடாதுங்கறதுக்காக. ஆனா கிலோமீட்டர் எண்ணறது பல்சக்கரக் கணக்கு, அது தனி. மேப்புல பத்து கிலோமீட்டர் பாத்து ஓட்டிட்டு ஒப்பிட்டுப் பாருங்க. பெட்ரோல் கணக்கு என்ன ஆச்சு?


காலடிப்பேட்டைக்காரன்:

போட்டேன் சார். ஜிபேயில பெட்ரோலுக்குப் போனது 11,600 ரூபாய் சொச்சம். 101-ஆல வகுத்தா 115 லிட்டர். இந்த வண்டி இப்ப 50-ல இருந்து 55 குடுக்குது, ஆக 5,750-ல இருந்து 6,300 வரைக்கும். ரொக்கமா போட்டது இதுல வராது, அதனால கொஞ்சம் மேலயே இருக்கும். டயர் 2.75-தான், அப்பா மாத்தல.

நீங்களும் மீட்டர் அண்ணனும் சொன்னது ரெண்டையும் யோசிச்சேன். மீட்டரைத் தெறக்காமலே ஓடுதுன்னதும் ஏத்தறதுக்குக் காரணமே இல்லாமப் போச்சு. 41,386-ல இருந்தே விட்டுட்டேன். ஆனா லெட்டர்ல வெறும் "மீட்டர் ஓடவில்லை"ன்னு எழுதல. "மீட்டர் ஓடாத காலத்தில் பெட்ரோல் கணக்குப்படி உத்தேசமாக 6,000 முதல் 6,500 கிலோமீட்டர் ஓடியிருக்கலாம்"னு எழுதி அப்பா கையெழுத்து, நேரம் எல்லாம் போட்டாச்சு. அதையே சைடு பேனல் உள்பக்கமும் எழுதிட்டேன். உங்க நம்பர் பேனல்ல, அண்ணன் நம்பர் மீட்டர்ல.

பையன் லெட்டரைப் படிச்சுட்டு, "ஆறாயிரம்தானேண்ணா, பரவால்ல"ன்னுட்டான். ஆர்.சி. 2027-ல முடியுதுன்னு சொன்னதும்தான் மொகம் மாறுச்சு. அதுக்கு ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொன்னான், குறைச்சேன். முன்டயருக்கு இன்னொரு ஐநூறு கேட்டான், குடுக்கல.


பேசின்பிரிட்ஜ் பையன்:

41-லயே குடுக்க சொன்னேன், 41-லயே குட்த்துட்ட. இதுக்கு இன்னாத்துக்குணா இவ்ளோ பேச்சு 😄


பழைய வண்ணை மீட்டர்:

டேய், நீ சொன்ன 41 வேற, அவரு குட்த்த 41 வேற.

தம்பி, கேபிளுக்கு கிரீஸ் வெச்சியா? புதுக் கேபிளை அப்படியே மாட்டிடுவாங்க, அதான் கேக்கறன். கீழ்ப்பக்கம் முக்கால்வாசிக்கு லேசா தடவுனா போதும். மேல நாலு விரக்கடை காஞ்சுதான் இருக்கணும். கம்பி சுத்த சுத்த கிரீஸு மேல ஏறும். மீட்டருக்குள்ள பூந்துச்சுன்னா காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கும், வண்டியை நிறுத்துனாலும் முள்ளு 20-லயே நிக்கும்.


காலடிப்பேட்டைக்காரன்:

கடைக்காரரே சொன்னாருண்ணா, தடவித்தான் மாட்டினேன். ஆனா மேல வரைக்கும் தடவிட்டேனே. கழட்டித் துடைக்கணுமா?


பழைய வண்ணை மீட்டர்:

ஆமாம்பா. வண்டி இப்ப அந்தப் பையனோடது, அவனைக் கூப்ட்டுக் காட்டிக்கினே பண்ணு. அடுத்த தபா அவனே பண்ணிப்பான்.